கீபோர்டு பலகையில் ஆர்கேட் ஜாய்ஸ்டிக்: வாசகர் கேள்வி பதில்

பழைய கணினிக் கீபோர்டைப் பிரித்து, உள்ளே இருக்கும் சின்னப் பலகையை மட்டும் எடுத்து, அதில் ஆர்கேட் பட்டன்களையும் ஜாய்ஸ்டிக்கையும் இணைத்து மேம் எமுலேட்டரில் (பழைய ஆர்கேட் விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) விளையாடுபவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி (திண்டுக்கல்): மேலே, இடப்பக்கம், சுடும் பட்டன் எல்லாம் தனித்தனியாக வேலை செய்கின்றன. ஜாய்ஸ்டிக்கை இடது மேல் மூலைக்குத் தள்ளிக்கொண்டே சுட்டால் மட்டும் குண்டு வருவதில்லை. அம்புக்குறி விசைகளையும் ஸ்பேஸ் பாரையும்தான் இணைத்திருக்கிறேன். ஒயரை மாற்றி மாற்றிச் சால்டர் செய்தும் பலன் இல்லை. எங்கே தவறு?

பதில்: சால்டரிங்கில் தவறு இல்லை. ஒயரை இனித் தொடாதீர்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த விசைகள்தான் பிரச்சினை. மேல் அம்பு, இடது அம்பு, ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒன்றை விழுங்கிவிடும் கீபோர்டுகள் ஏராளம்.

கீபோர்டில் நூற்றுக்கும் மேல் விசைகள் இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் தனி ஒயர் கிடையாது. குறுக்கே சில கோடுகள், நெடுக்கே சில கோடுகள். அவை வெட்டிக்கொள்ளும் இடம் ஒவ்வொன்றிலும் ஒரு விசை. குறுக்குக் கோட்டை வரிசை என்றும் நெடுக்குக் கோட்டை நிரல் என்றும் சொல்வோம். 8 வரிசை, 18 நிரல் என்ற அமைப்பு மிகச் சாதாரணம். பலகையில் இருக்கும் சிப் ஒவ்வொரு கோடாக மின்சாரம் கொடுத்து, எதிர்ப்பக்கக் கோடுகளில் எது தொடர்பில் இருக்கிறது என்று நொடிக்குப் பலமுறை பார்த்துக்கொண்டே இருக்கும்.

இப்போது 2ஆம் வரிசையில் 5ஆம் நிரலும் 9ஆம் நிரலும் அழுத்தப்பட்டிருக்கின்றன என்று வையுங்கள். கூடவே 6ஆம் வரிசையில் 5ஆம் நிரல் விசையையும் அழுத்துகிறீர்கள். 9இல் புறப்பட்ட மின்சாரம் 2ஆம் வரிசைக்கு வந்து, 5ஆம் நிரலில் ஏறி, 6ஆம் வரிசைக்கு இறங்கிவிடும். 6ஆம் வரிசை, 9ஆம் நிரல் விசையை யாரும் தொடாமலேயே அதுவும் அழுத்தப்பட்டதாகச் சிப்புக்குத் தெரியும். மலிவான சிப் அந்தப் பேய் எழுத்தை அப்படியே கணினிக்கு அனுப்பிவிடும். கொஞ்சம் விவரமான சிப், எது நிஜம் என்று தெரியாததால் கடைசியாக வந்த விசையை மறைத்துவிடும். உங்களுக்கு நடப்பது இந்த இரண்டாவது வகை.

செவ்வகத்தின் மூன்று மூலைகள் மூடினால்தான் இந்தத் தொல்லை. செவ்வகத்துக்கு இரண்டு வரிசைகளாவது வேண்டும். எல்லாப் பட்டன்களையும் ஒரே வரிசையில் இருக்கும் விசைகளில் இணைத்துவிட்டால் செவ்வகம் உருவாகவே வழியில்லை. கீபோர்டு பலகையை வைத்து ஜாய்ஸ்டிக் செய்பவர்கள் சால்டரிங் அயர்னைச் சூடாக்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

அதற்கு உங்கள் பலகையின் வரைபடம் தேவை. மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் வேறொருவர் போட்ட அட்டவணை உதவாது. கீபோர்டைத் திறந்து மெம்பிரேன் தாள்களை, அதாவது விசைகளுக்கு அடியில் கோடுகள் அச்சிட்ட பிளாஸ்டிக் தாள்களைப் பாருங்கள். மேல் தாளிலிருந்து ஒரு வால், கீழ்த் தாளிலிருந்து ஒரு வால் பலகைக்கு வரும். குறைவான கோடுகள் உள்ள வால்தான் வரிசை. பலகையில் அந்த வால்கள் உட்காரும் கருப்புத் தொடுபுள்ளிகளுக்கு எண் போடுங்கள். ஒரு தாளில் 8க்கு 18 கட்டம் வரையுங்கள். மெம்பிரேனை எடுத்துவிட்டு, பலகையை மட்டும் யுஎஸ்பியில் செருகி, ஒரு துண்டு ஒயரின் ஒரு முனையை வரிசை 1இல் வைத்து, மறுமுனையால் நிரல்களை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். எந்த விசை பதிவாகிறதோ அதைக் கட்டத்தில் எழுதுங்கள். மொத்தம் 144 தொடுகை. பல கட்டங்கள் காலியாகவே இருக்கும்.

நோட்பேடு ஷிப்ட், கன்ட்ரோல், ஆல்ட் விசைகளைக் காட்டாது. விசைச் சோதனைக்கென்றே இருக்கும் இணையப் பக்கத்தைத் திறந்துகொள்ளுங்கள். லினக்ஸில் 'இவிடெஸ்ட்' (evtest) என்ற கட்டளை போதும். ஸ்லீப் விசை எந்தக் கட்டத்தில் ஒளிந்திருக்கிறது என்று முன்கூட்டியே தெரியாது. எனவே திறந்திருக்கும் கோப்புகளை முதலில் சேமித்துவிடுங்கள். வரிசையோடு நிரலை மட்டும் தொடுங்கள். எல்இடி விளக்கு, யுஎஸ்பி கேபிள் பக்கம் ஒயர் போகக் கூடாது.

நாலு திசை, ஆறு பட்டன், ஸ்டார்ட், காயின் என ஒரு ஆட்டக்காரருக்கு 12 விசைகள் வேண்டும். அத்தனையும் தரும் வரிசை இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் திசைகளையும் பட்டன்களையும் மட்டும் ஒரே வரிசையில் வைத்து, ஸ்டார்ட், காயின் இரண்டையும் வெளியே தள்ளுங்கள். சண்டைக்கு நடுவே அவற்றை யாரும் அழுத்துவதில்லை. டேப், எஸ்கேப், பி ஆகிய மூன்றையும் தவிருங்கள். மேமில் அவை முறையே மெனு, வெளியேறு, (பழைய பதிப்புகளில்) நிறுத்திவை.

கிடைத்த விசைகள் என்னவாக இருந்தாலும் கவலை வேண்டாம். மேமில் டேப் அழுத்தினால் வரும் மெனுவில் இன்புட் பகுதிக்குப் போய் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளலாம். அந்த வேலைக்காகச் சாதாரணக் கீபோர்டு ஒன்றும் கூடவே செருகியிருக்கட்டும்.

கேள்வி (கோவை): ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு டயோடு போட்டால் இந்தப் பேய் எழுத்து போய்விடும் என்கிறார்களே?

பதில்: போகும். டயோடு என்பது மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சின்னப் பாகம். 1என்4148 டயோடு ஒவ்வொரு பட்டனுக்கும் ஒன்று, ஒயரோடு தொடராக. மின்சாரம் திரும்பிச் சுற்றும் வழி அடைபடுவதால் நாலாவது மூலை மூடியதாகத் தெரியாது. அதைப் பார்த்துத் தடுக்கும் சிப்பும் தடுப்பதை நிறுத்திவிடும். மூன்று மூலைகளைக் கண்டதுமே தடுக்கும்படி எழுதப்பட்ட சிப்பாக இருந்தால் மட்டும் டயோடால் பயன் இல்லை.

கருப்புப் பட்டை உள்ள முனை எந்தப் பக்கம் என்பது சிப் எந்தக் கோட்டுக்கு மின்சாரம் கொடுக்கிறது என்பதைப் பொறுத்தது. முதலில் ஒரே ஒரு பட்டனில் போட்டுப் பாருங்கள். வேலை செய்யாவிட்டால் திருப்புங்கள். திசை தெரிந்த பிறகு எல்லாவற்றையும் அதே திசையில் வரிசைப் பக்கமாகவோ நிரல் பக்கமாகவோ வையுங்கள். இரு திசையிலும் பட்டன் செத்துக் கிடந்தால், டயோடில் விழும் 0.6 முதல் 0.7 வோல்ட்டைச் சிப் ஏற்கவில்லை என்று பொருள். ஷாட்கி வகை டயோடில் இழப்பு குறைவு. பிஏடி85 போட்டுப் பாருங்கள். ஒரே வரிசை முறையில் இணைத்தவர்களுக்கு இது எதுவுமே தேவையில்லை. அதனால்தான் எங்கள் ஓட்டு அந்த முறைக்கு.

கேள்வி (யாழ்ப்பாணம்): பலகையின் கருப்புப் புள்ளிகளில் ஈயம் ஒட்டவே மாட்டேன் என்கிறது. உருண்டையாகி விழுந்துவிடுகிறது.

பதில்: அந்தக் கருப்பு கார்பன் பூச்சு. அதில் ஈயம் ஒட்டாது. எவ்வளவு சூடாக்கினாலும் பலகைதான் கருகும். கட்டர் பிளேடைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, அழுத்தாமல், ஒரே திசையில் சுரண்டுங்கள். கருப்புத் தூள் உதிர்ந்து அடியில் செம்பு மினுங்கும். 2 மில்லிமீட்டர் தெரிந்தால் போதும். முனையை நட்டுக்குத்தலாக வைத்தால் செம்புத் தகடே பெயர்ந்துவிடும். சுரண்டிய இடத்தில் பிளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) தடவி, முதலில் மெல்லிய ஈயப் பூச்சு கொடுங்கள். ஒயரின் முனைக்கும் தனியாக ஈயம் பூசுங்கள். பிறகு இரண்டையும் சேர்த்து ஒரு நொடி, அதிகம் போனால் இரண்டு நொடி சூடு. 25 வாட் அயர்ன், கூர்முனை. சில பலகைகளில் புள்ளியிலிருந்து சிப்புக்குப் போகும் வழியில் சின்னத் துளைகள் இருக்கும். அவற்றின் மேல் உள்ள பச்சைப் பூச்சை மட்டும் சுரண்டிவிட்டால் அங்கே ஒட்டுவது இன்னும் சுலபம்.

ஒயர் மெல்லியதாக இருக்கட்டும். பழைய ஹார்டுடிஸ்கின் 40 இழை ரிப்பன் கேபிள் அருமையாகப் பொருந்தும். தடித்த ஒயர் போட்டால் பேனலை மூடித் திறக்கும்போதெல்லாம் அது இழுத்து, புள்ளியையே பிய்த்துக்கொண்டு வந்துவிடும். "ஒரு வாரம் நன்றாக ஓடியது, இப்போது விட்டுவிட்டு வேலை செய்கிறது" என்று வரும் புகார்களுக்கு வழக்கமான காரணம் இதுதான். சால்டர் முடிந்ததும் ஒயர்களைப் பலகையின் விளிம்பில் ஹாட் குளூ வைத்து ஒட்டிவிடுங்கள். இணைப்பின் மேலேயே பசையை ஊற்ற வேண்டாம்; பிறகு பழுது பார்க்க முடியாது.

கேள்வி (சென்னை): ரிச்சி தெருவில் சன்வா ஜேஎல்எஃப் ஜாய்ஸ்டிக் வாங்கினேன். நாலு திசைக்கு ஐந்தே ஒயர்கள் வருகின்றன. இணைத்ததும் ஒரு திசைக்குத் தள்ளினால் இரண்டு மூன்று எழுத்துகள் கொட்டுகின்றன.

பதில்: அந்த ஐந்தில் ஒன்று பொது ஒயர். நாலு மைக்ரோ சுவிட்ச்களின் ஒரு முனையும் உள்ளேயே சேர்த்து இணைக்கப்பட்டிருக்கிறது. எல்லாப் பட்டன்களுக்கும் பொதுவான கிரவுண்டு ஒயர் உள்ள என்கோடர் பலகைக்காக (ஜாய்ஸ்டிக்கைக் கணினியோடு இணைக்கும் தனிப் பலகை) செய்யப்பட்ட ஜாய்ஸ்டிக் அது. கீபோர்டு பலகையில் கிரவுண்டு என்ற ஒன்றே விசைகளுக்குக் கிடையாது. வரிசை ஒன்று, நிரல் ஒன்று என இரண்டு ஒயர். நீங்கள் நாலு அம்பு விசைகளின் வெவ்வேறு வரிசைக் கோடுகளை அந்தப் பொது ஒயரில் முறுக்கிச் சேர்த்திருப்பீர்கள். வரிசைகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போனதால், ஒரு தொடுகை எல்லா வரிசையிலும் பதிவாகிறது.

ஜாய்ஸ்டிக்கை மாற்ற வேண்டாம். முதல் பதிலில் சொன்ன ஒரே வரிசை முறையில் நாலு திசையையும் வைத்தால், அந்த வரிசைக் கோடே பொது ஒயர் ஆகிவிடும். பட்டன்களுக்கும் அதே கோட்டைத் தொடர்ச்சியாக இழுத்துக்கொண்டு போகலாம். ஒயர் எண்ணிக்கையும் கிட்டத்தட்டப் பாதியாகும்.

கேள்வி (திருச்சி): ஜாய்ஸ்டிக்கை மேலே தள்ளினால் ஆள் கீழே போகிறான். ஒரு பட்டன் அழுத்தாதபோது அழுத்தியதாகவும், அழுத்தினால் விட்டதாகவும் தெரிகிறது.

பதில்: கைப்பிடி மேலே போகும்போது அதன் அடித்தண்டு எதிர்ப்பக்கம் சாயும். ஆகவே 'மேலே' என்பதற்கான சுவிட்ச் அடியில், உங்களுக்கு அருகில் இருப்பது. மேலும் கீழும், இடமும் வலமும் ஒயர்களை இடம் மாற்றுங்கள். இரண்டாவது தொல்லைக்கு மைக்ரோ சுவிட்சைப் பாருங்கள். மூன்று முனைகள் இருக்கும்: பொது, சாதாரணமாகத் திறந்தது, சாதாரணமாக மூடியது. நீங்கள் மூன்றாவதில் செருகிவிட்டீர்கள். மல்டிமீட்டரை பீப் ஒலி நிலையில் வைத்து, அழுத்தும்போது மட்டும் ஒலிக்கும் இரு முனைகளைத் தேடுங்கள். சோதிக்கும் முன் யுஎஸ்பியைக் கழற்றிவிடுங்கள்.

கேள்வி (சேலம்): ஆட்டத்தின் நடுவே விண்டோஸ் பெட்டி ஒன்று குதித்து வந்து விளையாட்டையே நிறுத்திவிடுகிறது.

பதில்: மேமின் இயல்பான பட்டன்கள் இடது கன்ட்ரோல், இடது ஆல்ட், ஸ்பேஸ், இடது ஷிப்ட், இசட், எக்ஸ். நாலாவது பட்டனை, அதாவது ஷிப்ட்டை, ஐந்து முறை தட்டினால் விண்டோஸ் அதை ஸ்டிக்கி கீஸ் (ஷிப்ட் போன்ற விசைகளைப் பிடித்துக்கொண்டே இருக்காமல் தட்டிவிட்டாலே போதும் என்ற வசதி) கோரிக்கை என்று எடுத்துக்கொள்ளும். செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டி, கீபோர்டு பகுதிக்குப் போய் ஸ்டிக்கி கீஸ், ஃபில்டர் கீஸ் இரண்டின் குறுக்குவழிகளையும் நிறுத்துங்கள். ஆல்ட்டும் ஸ்பேஸும் சேர்ந்தால் சன்னல் மெனு திறக்கும். இதற்கு அணைப்பு கிடையாது, விசையைத்தான் மாற்ற வேண்டும். ஆனால் இந்த விசைகளுக்கு ஒரு நன்மையும் உண்டு: கன்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட் மூன்றும் பெரும்பாலும் மற்ற விசைகள் இல்லாத தனி நிரல்களில் இருக்கும், செவ்வகத்தில் சிக்குவது குறைவு. அதற்காகத்தான் பலர் அவற்றை விடுவதில்லை.

கேள்வி (கோலாலம்பூர்): இரண்டு பேர் சேர்ந்து விளையாடும்போது ஒருவருடைய பட்டன் மட்டும் அடிக்கடி வேலை செய்வதில்லை. டயோடு எல்லாம் போட்டாயிற்று.

பதில்: சாதாரண யுஎஸ்பி கீபோர்டு ஒரே சமயத்தில் 6 விசைகளையும், அவற்றோடு கன்ட்ரோல், ஷிப்ட் போன்ற 8 துணை விசைகளையும்தான் கணினிக்குச் சொல்லும். இருவரும் மூலைவாட்டில் தள்ளினாலே 4 போய்விட்டது. ஆளுக்கு இரண்டு பட்டன் என்றால் 8. டயோடு இங்கே ஒன்றும் செய்யாது. இரண்டாம் ஆட்டக்காரருக்கு இன்னொரு பழைய கீபோர்டின் பலகையைப் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி 6 கிடைக்கும். விண்டோஸ் இரண்டையும் ஒரே கீபோர்டாகப் பார்ப்பதால், இருவருக்கும் வெவ்வேறு எழுத்துகளாக மட்டும் தேர்ந்தெடுங்கள்.

இரண்டு பலகைக்கும் வரைபடம் போடப் பொறுமை இல்லையென்றால், ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் பலகை ஒன்று வாங்கி, அதைக் கேம் கன்ட்ரோலராக மாற்றும் ஜிபி2040-சிஇ மென்பொருளை ஏற்றிவிடுங்கள். ஆளுக்கு ஒரு பிக்கோ. ஒவ்வொரு பட்டனும் தனிப் பின்னில், மறுமுனை எல்லாம் ஒரே கிரவுண்டில். செவ்வகமும் இல்லை, 6 என்ற வரம்பும் தொல்லை தராது. வீட்டில் சும்மா கிடக்கும் கீபோர்டு இருந்தால் பழைய முறை. காசு கொடுத்துப் புதுக் கீபோர்டு வாங்கிப் பிரிப்பதானால் பிக்கோதான் சரி.

கேள்வி (ஈரோடு): பட்டனில் சால்டர் செய்யாமல் செருக என்ன முனை வாங்க வேண்டும்?

பதில்: மைக்ரோ சுவிட்ச் தொங்கும் அமெரிக்க வகைப் பட்டனுக்குப் பெரும்பாலும் 4.8 மில்லிமீட்டர் ஸ்பேடு முனை (தட்டையான செருகு முனை), சன்வா போன்ற ஜப்பானிய வகைப் பட்டனுக்கு 2.8 மில்லிமீட்டர். முதல் வகைக்குப் பேனலில் 28 மில்லிமீட்டர் துளை, இரண்டாவதற்கு 30. ஸ்டார்ட் போன்ற சின்னப் பட்டனுக்கு 24. கடையில் வாங்கும் முன் பட்டனின் முனையை ஸ்கேல் வைத்து அளந்துகொண்டு போங்கள்.