பவுல் அப்போஸ்தலரின் வைராக்கியம் என்றால் என்ன? அவர் ஏன் அத்தனை பாடுகளை ஏற்றார்?

வைராக்கியம் என்பது, எந்த இழப்பு நேர்ந்தாலும் எடுத்த காரியத்தைக் கைவிடாத உறுதி. முதல் நூற்றாண்டில் சிரியா முதல் ரோம் வரை கிறிஸ்துவை அறிவித்த பவுல், 5 முறை தலா 39 அடி பட்டதையும், 3 முறை கப்பற்சேதத்தில் சிக்கியதையும், ஓர் இராப்பகல் கடலில் கிடந்ததையும் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் தாமே குறிப்பிடுகிறார்.

முன்பு திருச்சபையைத் துன்புறுத்திய அவர், தமஸ்குவுக்குச் செல்லும் வழியில் மனம் மாறியபின், கிறிஸ்துவை அறிவிக்க எல்லாருக்கும் தாம் கடனாளி என்றே கருதினார். கைமாற்று வாங்கியவர், கொடுத்தவர் கேட்குமுன்பே வீடு தேடிப்போய்த் திருப்பித் தருவதைப் போன்றது அது. கிரேக்க நகரான கொரிந்துவில் அப்படி அறிவித்தபோதும், கூடாரம் செய்து தம் கையாலேயே பிழைத்தார். பட்ட அடிகளைவிட இதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அவர் சாவைத் தேடி அலைந்தார் என்று நினைப்பது தவறு: தமஸ்குவில் கூடையில் அமர்ந்து மதில் வழியே இறங்கித் தப்பியவரும், எருசலேமில் சாட்டையடிக்காகக் கட்டப்பட்டபோது தாம் ரோமக் குடிமகன் என்று சொல்லி அதைத் தடுத்தவரும் அவர்தான்.