கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வங்கியில் வேலை பார்க்கும் என் மகளுக்கு வரன் பார்க்கிறோம். தரகர், "போட்டோவைக் கொஞ்சம் பளிச்சுன்னு பண்ணிக் குடுங்கம்மா" என்கிறார். மகளோ, "என் முகத்துல யாரும் கை வைக்கக் கூடாது" என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். எல்லாரும் செய்வதுதானே? அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: சகோதரி, நான் வளர்ந்ததே ஒரு போட்டோ ஸ்டூடியோவில்தான். அப்பா படம் எடுப்பார், டச்சப் வேலை என்னுடையது. விளக்கு வைத்த சாய்வு மேசையில் நெகட்டிவைப் பொருத்தி, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் பொட்டுப் பொட்டாகத் தொட வேண்டும். நெகட்டிவில் எல்லாமே தலைகீழ். கறுத்த முகம் அதில் வெளுத்துத் தெரியும். பென்சிலால் அதைக் கறுப்பாக்க ஆக்க, பிரிண்டில் அந்த முகம் வெளுத்துக்கொண்டே வரும். கவரின் மேல் 'பொண்ணு போட்டோ' என்று எழுதியிருந்தால் யாரும் சொல்லவே வேண்டாம், என் கை தானாகப் பென்சிலை எடுத்துவிடும். மாப்பிள்ளை போட்டோ என்றால் பரு, தழும்போடு சரி. அவர்கள் நிறத்தை மாற்றச் சொல்லி ஒருவர்கூட எங்களிடம் கேட்டதில்லை.

அப்படி நான் வெளுப்பாக்கிக் கொடுத்த பெண்களில் ஒருத்தி, சில மாதம் கழித்து வேலைக்கு விண்ணப்பிக்கப் படம் எடுக்க வந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள், காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள், அவள் எதிரிலேயே "போட்டோவுல வேற மாதிரி இருந்துச்சே" என்று கேட்டிருக்கிறார்கள். அதைச் சொல்லிவிட்டு, "அக்கா, இந்தத் தடவை என்னையே எடுங்க" என்றாள். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. அவளை அந்த இடத்தில் தலைகுனிய வைத்ததில் என் பென்சிலுக்கும் பங்கு உண்டு.

இன்றைய ஃபில்டரும் அதே பென்சில்தான். அதோடு இன்னொன்றும் இருக்கிறது. வெளுத்த படத்தைப் பார்த்து வருகிறவர்கள், நேரில் பார்த்ததும் "கலர் கம்மி" என்று பேச்சை ஆரம்பிப்பார்கள். அந்தப் பேச்சு பவுனில் போய்த்தான் நிற்கும். சம்பாதிக்கிற, படித்த பெண்ணின் பேரத்தைப் படம் எடுக்கும்போதே நாமே இறக்கிவிடுகிறோம். அதனால் புரிந்துகொள்ள வேண்டியது நீங்கள்தான். உங்கள் மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

அப்புறம், படம் எடுக்கும்போது வெள்ளைச் சுவர் முன்னால் நிறுத்தாதீர்கள். வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக்கொண்டு கேமரா முகத்தை இருட்டாக்கிவிடும். மெரூன் அல்லது கரும்பச்சைத் திரை போதும். பிளாஷ் வேண்டாம், ஜன்னல் பக்கமாக நிற்கச் சொல்லுங்கள். போன் திரையில் அவள் முகத்தின் மேல் விரலால் தொட்டுவிட்டு எடுங்கள். அவள் நிறம் அப்படியே இருக்கும், கண்ணும் சிரிப்பும் தெளிவாக வரும்.

கேள்வி: கேமரா இருப்பதைத்தானே பிடிக்கிறது? சினிமாவும் மக்கள் ரசனையைத்தானே காட்டுகிறது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, இரண்டுமே முழு உண்மையில்லை. கலர் படம் வந்த காலத்தில், நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க லேபுகளுக்குக் கோடாக் நிறுவனம் ஓர் அட்டை கொடுத்தது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். 'ஷெர்லி கார்டு' என்றே அதற்குப் பெயர். அவர் தோல் சரியாகத் தெரிந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. நம் மாதிரி தோலுக்கு அந்தக் கணக்கில் பல வருடம் இடமே இல்லை.

ரசனைக்கு வருவோம். நடிகை அர்ச்சனா கறுப்புதான். 'வீடு' என்ற தமிழ்ப் படத்துக்கும் 'தாசி' என்ற தெலுங்குப் படத்துக்கும் அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் சிறந்த நடிகைக்கான தேசிய விருது வாங்கினார். அதே மாதிரி கறுப்பான நடிகை சரிதாவை நம் மக்கள் கொண்டாடினார்களா இல்லையா? பிற்பாடு நக்மா, சுஷ்மிதா சென் என்று வடக்கிலிருந்து வந்த சிவந்த முகங்களுக்கெல்லாம் அதே சரிதாதான் பின்னணியில் பேசினார். குரலும் உணர்ச்சியும் அவருடையவை, போஸ்டரில் முகம் வேறு. இதை ரசிகர்கள் யாரும் கேட்டு வாங்கவில்லை. பணம் போடுகிறவர்கள் முடிவு செய்தார்கள். பார்த்துப் பார்த்து நமக்கும் அதுவே அழகு என்று பழகிவிட்டது. "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று பாராட்டாகத்தான் சொல்கிறோம். அந்த 'இருந்தாலும்' எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: 'ஃபேர் அண்ட் லவ்லி' பெயரையே மாற்றிவிட்டார்கள். இன்னும் ஏன் அதைப் பற்றிப் பேசுகிறீர்கள்?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: 1975-இல் வந்த கிரீம், தம்பி. 2020-இல், அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டு உலகமெங்கும் போராட்டம் நடந்த பிறகுதான் 'ஃபேர்' போய் 'குளோ' வந்தது. நடுவில் 45 வருடம். அந்தக் கிரீமுக்கு ஒரு டி.வி. விளம்பரம் வந்தது: மகன் இல்லையே என்று அப்பா புலம்புவார், மகள் கிரீம் பூசுவாள், நிறம் ஏறும், விமானப் பணிப்பெண் வேலை கிடைக்கும். அந்த விளம்பரத்தை ஜனநாயக மாதர் சங்கம் போராடித்தான் 2003-இல் நிறுத்தவைத்தது. பெண் சம்பாதிப்பதைப் பெருமையாகக் காட்டுவதுபோலக் காட்டி, அதற்கும் வெளுக்க வேண்டும் என்று வீட்டுக்குள் வந்து சொன்ன விளம்பரம் அது. கறுப்பாக இருப்பவர்களைத் தாழ்வாகக் காட்டக்கூடாது என்று விளம்பரத் தரக் கவுன்சில் விதி போட்டது 2014-இல்தான். சென்னையில் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு 2009-லேயே 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' இயக்கத்தைத் தொடங்கிவிட்டது. பெயர் மாறியதற்கு இப்படிப் பலருடைய உழைப்பு காரணம். ஆனால் இப்போதும் கடையில் போய் நின்று பாருங்கள், 'பொலிவு', 'பிரைட்' என்று வேறு வார்த்தையில் அதே ஆசையைத்தான் விற்கிறார்கள்.

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கிறேன். வகுப்பில் கிண்டல் தாங்காமல் மெடிக்கலில் ஒரு கிரீம் வாங்கிப் பூசினேன். முதலில் வெளுத்தது. இப்போது முகம் சிவந்து எரிகிறது, பரு வருகிறது. வீட்டில் சொல்லப் பயமாக இருக்கிறது.
– ஒரு மாணவி, சேலம்

பதில்: கண்ணம்மா, நீ தப்பு எதுவும் செய்யவில்லை. இன்றைக்கே அம்மாவிடம் சொல். ஸ்டீராய்டு கலந்த கிரீம் என்றால் முதலில் வெளுக்கும், பிறகு இப்படித்தான் படுத்தும். பல ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-லேயே அரசு சொல்லிவிட்டது, ஆனாலும் கேட்டால் எடுத்துக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. மேலே வேறு கிரீம், எலுமிச்சை, மஞ்சள் எதையும் போடாதே. அரசு ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கும், காலையில் ஓ.பி. சீட்டுப் போட்டுக் காட்டு. அந்த டியூபைத் தூக்கி எறிந்துவிடாதே, கையோடு எடுத்துப் போ. அதில் என்ன கலந்திருக்கிறது என்று டாக்டர் பார்க்க வேண்டும்.