எத்தியோப்பியாவில் எதை முதலில் பார்ப்பது?

வாசகர் ஒருவரின் கேள்வி: ஜனவரி தொடக்கத்தில் மனைவியுடனும் 64 வயதான தந்தையுடனும் எத்தியோப்பியாவில் பன்னிரண்டு நாட்கள் பயணம் செய்ய எண்ணியுள்ளேன். லாலிபெலாவின் பாறைத் தேவாலயங்களையும், சிமியன் மலையில் கெலாடா குரங்குகளையும், எத்தியோப்பிய ஓநாயையும் பார்க்க ஆசை. அப்பா சைவம், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். எந்த வரிசையில் போவது நல்லது?

பதில்: உங்கள் பட்டியலிலிருந்து சிமியன் மலையை இந்த முறை விட்டுவிடுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. அங்கே வாலியா காட்டாடும் கெலாடாவும் வாழ்கின்றன. 1978-இலேயே உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட பேரழகு மிக்க இடம் அது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்குக் கோண்டார் நகரிலிருந்து தெபார்க் வழியாகச் சாலையில்தான் போக வேண்டும். அம்ஹாரா மாநிலத்தில் 2023 முதல் அரசுப் படைகளுக்கும் ஃபானோ எனப்படும் ஆயுதக் குழுக்களுக்கும் மோதல் நடந்து வந்திருப்பதால், அந்தச் சாலைகளை முதியவர் ஒருவருடன் நம்பிப் புறப்படுவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். உயரமும் ஒரு காரணம். சங்காபெர் முகாம் 3,250 மீட்டரிலும் செனெக் முகாம் 3,600 மீட்டருக்கு மேலும் உள்ளன. அங்கே கூடாரத்தில் இரவு தங்க நேரிடும்.

லாலிபெலாவும் அம்ஹாராவில்தான் இருக்கிறது. ஆயினும் அடிஸ் அபாபாவிலிருந்து விமானத்தில் நேரே போய் இறங்கலாம் என்பதால் அதைத் திட்டத்தில் வைத்துக்கொள்ளலாம். இந்திய அரசின் பயண அறிவுறுத்தலைச் சீட்டு எடுக்கும்போது ஒரு முறையும், புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு இன்னொரு முறையும் பாருங்கள். அரசு போக வேண்டாம் என்று சொல்லியிருக்கும் இடத்தில் நேரும் இழப்புக்குப் பல காப்பீடுகள் பணம் தருவதில்லை. லாலிபெலா கைகூடாமல் போனால் அடிஸ் அபாபாவுக்குத் தெற்கே, ஒரே நாளில் போய்த் திரும்பும் தொலைவில், பாறையைக் குடைந்து எழுப்பிய அதாதி மரியம் தேவாலயம் இருக்கிறது. லாலிபெலாவுக்கு அது ஈடாகாது. ஆனாலும் அந்தக் கட்டடக் கலையின் ஒரு சாயலையாவது அங்கே காணலாம்.

நாட்களை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். ஜனவரி 3, 4 அடிஸ் அபாபா. அந்நகரே ஏறத்தாழ 2,350 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அந்த இரண்டு நாட்களும் அப்பாவின் உடல் மெல்லிய காற்றுக்குப் பழகுவதற்கானவை; மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கினால் அஞ்ச வேண்டாம். 5 முதல் 8 வரை லாலிபெலா, உயரம் ஏறத்தாழ 2,500 மீட்டர். 8-ஆம் தேதி தலைநகர் திரும்பி, 9-ஆம் தேதி தெப்ரெ லிபானோஸ் மடத்துக்கு ஒரு நாள் பயணம். 13-ஆம் நூற்றாண்டில் துறவி தெக்லெ ஹைமானோத் நிறுவிய மடம் அது. 1937-இல் இத்தாலியப் படைகள் அங்கே துறவிகளைக் கூட்டமாகக் கொன்றன. அதன் அருகே பள்ளத்தாக்கின் விளிம்பில் கெலாடாக் கூட்டங்கள் மேய்வதைப் பார்க்கலாம் என்பதால், சிமியனை விட்ட குறை ஓரளவு தீரும். இந்தச் சாலையின் நிலையையும் முதல் நாள் விசாரித்துவிட்டே கிளம்புங்கள். மார்பில் சிவந்த தோல்திட்டு கொண்ட, பெரும்பாலும் புல்லையே தின்று வாழும் கெலாடாக் குரங்கு எத்தியோப்பிய மலைநாட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை.

10 முதல் 13 வரை தென்கிழக்கே பாலே மலைகள். ஓநாயைத் தேடுவோருக்குச் சிமியனைவிட இதுவே சரியான இடம். உலகில் எஞ்சியிருக்கும் வளர்ந்த எத்தியோப்பிய ஓநாய்கள் 500-க்கும் குறைவு; அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை பாலேயில் வாழ்கின்றன. ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் விரிந்த சானெட்டி மேட்டுநிலத்தில் பெருந்தலை வளையெலிகள் நிறைந்திருப்பதுதான் இதற்குக் காரணம். எலி பகலில் வெளியே வருவதால் ஓநாயும் பகலிலேயே வேட்டையாடுகிறது. கூட்டமாக வாழ்ந்தாலும் இரைக்குத் தனியாகவே அலைகிறது. மேட்டுநிலத்தின் ஊடே வண்டிச் சாலை செல்வதால், அப்பா வண்டியை விட்டு இறங்காமலே செந்நிற ஓநாயைப் பார்க்கும் வாய்ப்பு அதிகம். அருகில் போகாதீர்கள், உணவு போடாதீர்கள். ஊர் நாய்களிடமிருந்து பரவும் வெறிநோயும் டிஸ்டெம்பர் நோயும் இந்த இனத்தைக் கூட்டங்கூட்டமாக அழித்திருக்கின்றன. மனிதரை நாடிப் பழகும் ஓநாய் அந்த நாய்களையும் நெருங்கிவிடும்.

இரவில் சானெட்டியில் தங்க வேண்டாம். 2,500 மீட்டர் அளவில் உள்ள ரோபே நகரிலோ சற்றே உயர்ந்த கோபாவிலோ தங்கி, காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடுங்கள். உயரத்தில் உடலுக்கு ஊறு விளைவிப்பது பெரும்பாலும் உறங்கும் இடத்தின் உயரம்தான். தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தால் காத்திருக்காமல் உடனே கீழே இறங்குவதே மருந்து. உயர நோயைத் தடுக்கத் தரப்படும் அசிட்டசோலமைடு மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உண்டா என்பதையும் அப்பா எடுக்கும் மற்ற மருந்துகளையும் பார்த்து அவருடைய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பாலே மலைத் தேசியப் பூங்காவின் தலைமையிடமான தின்ஷோவில் மலை நியாலா மான்களையும் பார்த்துவிடுங்கள். 1910-இல்தான் அறிவியலுலகம் அதை ஒரு தனி இனமாக விவரித்தது.

லாலிபெலாவைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் செல்லும் நாட்களில், ஜனவரி 7 அன்று, கென்னா எனப்படும் கிறிஸ்து பிறப்பு விழா வருகிறது. மன்னர் லாலிபெலா பிறந்த நாளும் அதுவே என்பது மரபு. நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வெள்ளை ஆடை போர்த்திய அடியார்கள் நடந்தே வந்து குவிவார்கள். முந்தைய இரவு முழுதும் வழிபாடு நடக்கும். குளிரில் நின்றபடி விழித்திருக்க வேண்டிய அந்த இரவை நீங்களும் மனைவியும் ஏற்கலாம், அப்பா உறங்கட்டும். விடிந்தபின் பெத்த மரியம் தேவாலய முற்றத்தில், பாறை விளிம்பில் ஒரு வரிசையும் கீழே ஒரு வரிசையுமாக நின்று குருக்கள் மேளத்துக்கேற்ப அசைந்து பாடும் 'பெசா குலு' சடங்குக்கு அவரை அழைத்து வாருங்கள். தேவாலயங்கள் பதினொன்றையும் கூட்டம் உச்சத்தை எட்டும் முன் 5, 6 தேதிகளிலேயே பார்த்துவிடுவது நல்லது. கற்களை அடுக்கி எழுப்பியவை அல்ல அவை. மாமல்லபுரத்து இரதங்களைப் போல மேலிருந்து கீழாகச் செதுக்கி இறக்கியவை, கூடுதலாக உள்ளேயும் குடைந்து வழிபாட்டுக் கூடமாக்கியவை. சிலுவை வடிவில் தனித்து நிற்கும் பெத்த கியோர்கிஸை மாலைச் சாய்வெயிலில் மேலிருந்து பாருங்கள்.

காலணியைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். விரிப்புகளில் தெள்ளுப்பூச்சி இருக்கும் என்பதால் தடித்த காலுறை அணிந்து, பூச்சி விரட்டி தடவிக்கொள்ளுங்கள். தாபோத் எனும் புனிதப் பலகை இருக்கும் உள்ளறைக்குள் குருமாரைத் தவிர எவரும் நுழைவதில்லை. நம் கருவறையை நினைத்துக்கொண்டால் திரைக்கு எவ்வளவு தள்ளி நிற்பது என்பது தானே விளங்கும்.

உணவைப் பற்றிக் கவலை வேண்டாம். கென்னாவுக்கு முந்தைய 43 நாட்களும் நோன்புக் காலம். இறைச்சி, பால், முட்டை எதுவும் சேராத நோன்புச் சாப்பாடு எங்கும் கிடைக்கும். 'யெட்ஸோம் பெயாய்நெத்து' என்று கேட்டால், தெஃப் எனும் சிறுதானியத்தின் மாவைப் புளிக்கவைத்துத் தோசைபோலச் சுட்ட இஞ்சேராவின் மேல் பருப்பும் காய்களுமாகப் பரிமாறுவார்கள். விழா முடிந்தபின் புதன், வெள்ளியில் மட்டுமே நோன்பு என்பதால், பாலேயில் ஒவ்வொரு முறையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கடலைமாவுக் குழம்பான ஷிரோ பெரும்பாலும் சைவம். 'போசெனா ஷிரோ' என்றால் அதில் மாட்டிறைச்சி இருக்கும்.

வண்டி பேசும்போது நேரத்தை இரண்டு முறை உறுதி செய்யுங்கள். நம் முன்னோர் நாழிகையைக் கணக்கிட்டது போல அவர்களும் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவதால், நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி.

விமானச் சீட்டு வாங்கும் முன் முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. எத்தியோப்பியாவிலிருந்து இந்தியா திரும்புவோரிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள், இல்லாவிட்டால் தனிமைப்படுத்தப்படலாம். ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழிந்த பிறகே சான்று செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் இதைப் போட்டுக்கொள்ளலாம். 60 வயதைக் கடந்தவர்களுக்கு இந்த ஊசியால் கடுமையான பக்கவிளைவு நேரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதால், அப்பாவை இந்த மாதமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவர் வருவாரா என்பதே அங்கேதான் முடிவாகும்.