ஊட்டியே குளிர்தானே, அங்கே கோல்டு ஸ்டோரேஜ் நடத்துவதில் என்ன சிரமம்?

ஊட்டிக் குளிரை நம்பி கணக்குப் போடாதீர்கள். கேரட்டுக்கு வேண்டியது 0 டிகிரி, ஈரப்பதம் 95 சதவீதத்துக்கு மேல். வெளியே பகலில் 20 டிகிரி என்றால் கம்ப்ரசர் ஓடத்தான் வேண்டும். மின்கட்டணம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

பெரிய தலைவலி, ஒரே அறையில் எல்லாவற்றையும் அடுக்குவது. பூண்டுக்கும் 0 டிகிரிதான், ஆனால் ஈரப்பதம் 60-70 சதவீதம் போதும். கேரட் அறையில் வைத்தால் வேர்விட்டுப் பூஞ்சை பிடிக்கும். பீன்ஸை 4 டிகிரிக்குக் கீழே வைத்தால் தோலில் துருப்புள்ளி விழும். பேரிக்காயை கேரட்டோடு வைத்தால் அது விடும் எத்திலீன் வாயுவில் கேரட் கசந்துபோகும். கசப்பு வெளியே தெரியாது. வாங்கியவர் கடித்த பிறகுதான் சண்டை வரும். ஆகவே சின்னதாக 3 அறைகளாவது வேண்டும்.

மெஷினில் கழுவிய கேரட்டை நீர் வடியாமல் மூட்டை கட்டி ஏற்றினால் நடு மூட்டை அழுகும். ஈரமும் சூடும் உள்ளே போனால் அறையைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டர் காயிலில் பனி படியும், காற்று அடைபடும், கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். டிஃப்ராஸ்ட் (பனியை உருக்குவது) இடைவெளியைக் குறையுங்கள், கதவுக்குப் பிளாஸ்டிக் பட்டைத் திரை போடுங்கள்.

தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால் மணிக்கணக்கில் கரண்ட் வராது. முழு லோடைத் தாங்கும் டீசல் ஜெனரேட்டர் கட்டாயம்.

இவற்றைவிடக் கடினம், கிடங்கை நிரப்புவது. கேரட் வருடம் முழுக்க அறுவடையாகிறது. விவசாயி அன்றைக்கே மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஏற்றிவிடுவார். விதை உருளைக்கிழங்கை முதலில் பிடியுங்கள், அது மாதக்கணக்கில் தங்கும்.