விரதம் என்று சொல்லிச் சாப்பிடாத மகள்: அடமா, நோயா?

பதினாறு வயது மகள் மெலிந்துகொண்டே போகிறாள், கேட்டால் விரதம் என்கிறாள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பாளையங்கோட்டையில் என் அண்ணன் மகளுக்கும் இப்படித்தான் தொடங்கியது.

நம் பக்கம் இதைக் கண்டுபிடிப்பது சிரமம். செவ்வாய், வெள்ளி, சஷ்டி என்று பட்டினி கிடக்கும் பெண்ணை ஊரே மெச்சும். ஆனால் விரதம் இருப்பவர்கள் பொழுது சாய்ந்தால் பலகாரம் சாப்பிடுவார்கள்; இவள் அப்போதும் சாப்பிட மாட்டாள். சித்திரை வெயிலில் போர்வை கேட்கிறாளா? மாதவிலக்கு நின்றிருக்கிறதா? கை, முதுகில் பூனைமுடி வளர்ந்திருக்கிறதா? எல்லோருக்கும் சொதி பரிமாறிவிட்டு "அப்புறம் சாப்பிடுகிறேன்" என்று நழுவுகிறாளா? அப்படியானால் எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைத் தவிர்க்கும் அனோரெக்ஸியா என்ற நோயாக இருக்கலாம். புலிமியா என்று இன்னொன்று உண்டு; அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டு, விரலை விட்டு வாந்தி எடுப்பது போன்ற வழிகளில் வெளியேற்றுவார்கள். அதில் எடை அவ்வளவாகக் குறையாது. சாப்பிட்ட கையோடு குளியலறைக்குப் போவது, விரல் முட்டியில் தழும்பு, காதுக்குக் கீழே வீக்கம், பல் அரிப்பு ஆகியவைதான் காட்டிக்கொடுக்கும். பையன்களுக்கும் இவை வரும்.

மதினி முதலில் தொக்கம் எடுக்க, அதாவது வயிற்றில் சிக்கிய உணவை எடுப்பதாகச் சொல்லும் நாட்டு வைத்தியத்துக்கு, அவளைக் கூட்டிப்போனார். எதையோ எடுத்தும் காட்டினார்கள். மறுநாளும் அவள் சாப்பிடவில்லை. ஆச்சியோ கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டு உளுந்தங்களி கிண்டி, வாய் நிறைய ஊட்டிவிடத் துடித்தார். பாசம்தான், ஆனால் ஆபத்தானது. நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயம் தடுமாறலாம். ஆகவே முதலில் மருத்துவரிடம் காட்டி நாடி, இரத்த அழுத்தம், பொட்டாசியம், பாஸ்பேட், இ.சி.ஜி. பார்த்துவிடுங்கள். மயக்கமோ படபடப்போ இருந்தால் அன்றைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே மனநலப் பிரிவும் உண்டு. நேரில் போகத் தயங்கினால் 14416 என்ற டெலிமனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இந்த வயதுக்குக் குடும்பத்தைச் சேர்த்துச் செய்யும் சிகிச்சையே முதன்மையானது. என்ன, எவ்வளவு என்பதைச் சில காலம் பெற்றோரே முடிவு செய்து, உடன் உட்கார்ந்து சாப்பிட வைக்க வேண்டும். எடை ஏற ஏறப் பொறுப்பு அவள் கைக்குத் திரும்பும். அண்ணன் மதியம் கடையைச் சாத்திவிட்டு வந்து அவளோடு உட்கார்ந்தார். மாதக்கணக்கில் நடந்தது இது. புலிமியாவுக்குப் பேச்சு சிகிச்சையும், மருத்துவர் தேவை என்று கருதினால் ஃப்ளூஆக்ஸெட்டின் என்ற மாத்திரையும் உதவும். அனோரெக்ஸியாவைத் தீர்க்கும் மாத்திரை கிடையாது. பசி டானிக்குக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

உறவினர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எடை சற்று ஏறியிருந்த நேரம் ஒரு கல்யாண வீட்டில் சித்தி ஒருவர், "இப்போதுதான் பூசினாற்போல் அழகாக இருக்கிறாய்" என்றார். அன்று இரவே தட்டைத் தள்ளிவிட்டாள்.