டோர் பேடுக்குப் பின்னால்: வாங்குவோர் கேள்வி-பதில்

போன முறை சீட் கவர் பற்றி எழுதப்போக, வந்து குவிந்ததெல்லாம் ஸ்பீக்கர் புகார்கள். அதனால் இந்த முறை முழுக்கக் கார்க் கதவுதான். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். ஒன்று பதினோரு பக்கம். அதில் ஒன்பது பக்கம் கடைக்காரரின் வம்சத்தைப் பற்றியது.

கேள்வி: கார் டெக்கர் கடையில் நான்கு கதவுக்கும் ஸ்பீக்கர் மாட்டினேன். கூலியோடு 8,500 ரூபாய், பில் இருக்கிறது. அதற்குப் பிறகு மழை பெய்தால் முன் சீட்டுக்குக் கீழே கார்ப்பெட் நனைகிறது, நாற்றமும் அடிக்கிறது. கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங் பழசாகிவிட்டது, புதிதாகப் போடுங்கள் என்கிறார் கடைக்காரர். (ஈரோடு)

பதில்: பீடிங்குக்குக் காசு கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கதவுக்குள் என்ன நடந்திருக்கும் என்று இங்கிருந்தே சொல்லலாம்.

கார்க் கதவுக்குள் மழைத் தண்ணீர் போகத்தான் செய்யும். கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கு வழியாக உள்ளே இறங்கி, கதவின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டைகள் வழியாக வெளியே வடிந்துவிடும். அமைப்பே அப்படித்தான். அந்தத் தண்ணீர் நம் பக்கம் வராமல் தடுப்பது டோர் பேடுக்கு, அதாவது கதவின் உட்புறத்தை மூடியிருக்கும் பலகைக்கு, பின்னால் இருக்கும் ஒரு பாலிதீன் தாள். கறுப்பாக, சூயிங்கம் போல இழுபடும் பசையால் அதைக் கதவுத் தகட்டில் சுற்றிலும் ஒட்டியிருப்பார்கள். பார்த்தால், கம்பெனிக்காரன் பேக்கிங் கவரைப் பிரிக்க மறந்துவிட்டான் என்று தோன்றும். ஸ்பீக்கர் மாட்டும் பையனுக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. வயரை உள்ளே விட வழி வேண்டும் என்று பிளேடால் ஒரு கிழி, உருட்டி ஒரு வீச்சு. வெயில் காலத்தில் வேலை நடந்திருந்தால் முதல் மழை வரை யாருக்கும் தெரியாது. சில கார்களில், பக்கவாட்டில் மோதினால் ஏர்பேக்கைத் திறக்கச் சொல்லும் அழுத்த சென்சார் முன் கதவுக்குள் இருக்கும். கதவின் உட்புறம் ஒழுங்காக அடைபட்டிருக்கும் என்று நம்பித்தான் அதை அமைத்திருப்பார்கள். அங்கே தாளைக் கிழிப்பது கார்ப்பெட்டோடு முடிகிற சங்கதி இல்லை.

இந்தத் தாள் விஷயத்தில் எனக்கு இருபத்தைந்து வருடக் கோபம் இருக்கிறது. அப்போது என்னிடம் ஒரு பழைய மாருதி 800. வேலைக்கு வந்த பையன் கண்ணாடி ஏற்றும் கைப்பிடியைக் கழற்றிய அழகில் மயங்கிப்போனேன். கைப்பிடிக்குப் பின்னால் பழைய பனியன் துணியைச் செருகி, பாலீஷ் போடுகிற மாதிரி இப்படியும் அப்படியும் நாலு இழுப்பு. லாடம் போல வளைந்த கம்பி கிளிப் 'டிங்' என்று தெறித்தது. கைப்பிடி கையோடு வந்துவிட்டது. இவ்வளவு கெட்டிக்காரப் பையன் தப்பு செய்வானா என்று டீ குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் தாள்களெல்லாம் குப்பையில் கிடந்தன. ஐப்பசி அடைமழையில் டோர் பேடின் உள்ளிருந்த ஹார்ட்போர்டு அப்பளம் போல உப்பி, பிடித்து வைத்திருந்த கிளிப்பையெல்லாம் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தது. புது டோர் பேடுக்கு ஸ்பீக்கரை விட அதிகம் அழுதேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. வேறொரு மெக்கானிக்கை வைத்து ஒரு கதவை மட்டும் கழற்றி, தாள் இருக்கும் நிலையைப் படம் எடுங்கள். படத்தையும் பில் நகலையும் வைத்துக் கடைக்கு ஒரு கடிதம், ஸ்பீட் போஸ்ட்டில். நான்கு கதவுக்கும் தாள் போட்டு ஒட்டித்தர வேண்டும், கார்ப்பெட் சுத்தம் செய்த செலவும் வேண்டும் என்று கேளுங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. குறை நேர்ந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். போடுங்கள். அந்தக் கடையில் இன்றைக்கும் யாரோ ஒருவர் டீ குடிக்கப் போயிருப்பார்.

கேள்வி: எனக்கும் இதே மாதிரி வேலையைக் கெடுத்துவிட்டார்கள். பில் போட்டால் ஜிஎஸ்டி சேரும் என்றதால் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். இப்போது என்ன செய்யலாம்? (சேலம்)

பதில்: மிச்சம் பிடித்த ஜிஎஸ்டியை எடுத்துச் செலவு செய்யலாம்.

சரி, கோபம் தணிந்து சொல்கிறேன். ஜிபே, போன்பே மூலம் பணம் அனுப்பியிருந்தால் அந்த விவரமும் கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளும் ஓரளவு கைகொடுக்கும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம்தான். ஆனால் அதை வேண்டாம் என்று சொன்னது நீங்கள்.

கேள்வி: ஆன்லைனில் '500 வாட்' ஸ்பீக்கர் ஜோடி 1,199 ரூபாய்க்கு வாங்கினேன். பழைய கம்பெனி ஸ்பீக்கரை விடச் சத்தம் குறைவாக வருகிறது. ஏமாந்துவிட்டேனா? (தாம்பரம்)

பதில்: ஆமாம். நானும் ஒருமுறை 600 வாட் வாங்கி ஏமாந்தவன்தான், வெட்கப்படாதீர்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது 'பீக்' வாட். கண்சிமிட்டும் நேரம் தாங்கக்கூடியது என்று அவர்களே சொல்லிக்கொள்ளும் எண். பார்க்க வேண்டியது பொடி எழுத்தில் இருக்கும் ஆர்எம்எஸ் வாட், அதாவது தொடர்ந்து தாங்கக்கூடியது. அதுவும் ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்பதற்கான கணக்கே தவிர, எவ்வளவு சத்தம் போடும் என்பதற்கல்ல.

சத்தத்துக்கான சக்தி வருவது ஸ்டீரியோவிலிருந்து. ஓடும் காரில் ஏறக்குறைய 14.4 வோல்ட் இருக்கும். சாதாரண ஸ்டீரியோ அதை வைத்து 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகத் தரக்கூடியது, கணக்குப் போட்டால், உச்சபட்சம் 26 வாட். நடைமுறையில் இருபதைத் தொட்டால் பெரிது. ஸ்டீரியோவின் முகத்தில் '50×4', அதாவது நான்கு ஸ்பீக்கருக்கும் தலா 50 வாட், என்று எழுதியிருந்தாலும் இதே கதைதான். தனி ஆம்ப்ளிஃபையர் போடாதவர்கள் வாட்டை விட்டுவிட்டு 'சென்சிடிவிட்டி' என்று டெசிபலில் போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். கொடுக்கும் சக்திக்கு எவ்வளவு சத்தம் வரும் என்று சொல்வது அதுதான். 3 டெசிபல் கூடுதலாக இருந்தால் இரண்டு மடங்கு சக்தி கொடுத்ததற்குச் சமம். உங்கள் பெட்டியில் அந்த எண்ணே இருக்காது. இறக்குமதி சரக்கு என்றால் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும். அதையும் தேடுங்கள். இல்லையென்றால் உங்கள் புகாருக்கு இன்னொரு காரணம் கிடைத்தது.

கேள்வி: புது ஸ்பீக்கர்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் 'தும் தும்' என்று அதிரும் பேஸ் மட்டும் காணாமல் போய்விட்டது. (நாகர்கோவில்)

பதில்: ஒரு கதவில் பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுத்திருப்பார்கள். காசு கொடுக்காமல் சரிசெய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: கார் வாங்கி எட்டு மாதம். வெளியில் ஸ்பீக்கர் மாற்றினால் வாரன்டி முழுக்கப் போய்விடும், எங்களிடமே வாங்குங்கள் என்கிறது ஷோரூம். அவர்கள் விலை இரண்டு மடங்கு. (கோவை)

பதில்: 'முழுக்க' என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு நின்றுவிடும். ஸ்பீக்கர் மாற்றியதற்காக கியர்பாக்ஸ் வாரன்டியை மறுக்க முடியாது. ஆனால் கம்பெனி வயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றி வைத்தால் நாளைக்கு எந்த மின் கோளாறு வந்தாலும் அந்த டேப்பைத்தான் காட்டுவார்கள். அதில் நியாயமும் உண்டு. உங்கள் காருக்கென்றே கப்ளர் கிடைக்கும். ஒரு முனை கம்பெனி சாக்கெட்டில், மறு முனை புது ஸ்பீக்கரில். 'வயர் கட் பண்ணக் கூடாது' என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கழற்றிய கம்பெனி ஸ்பீக்கரைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

கேள்வி: வீடியோ பார்த்து நானே டோர் பேடைக் கழற்றலாம் என்றிருக்கிறேன். டூல் செட் 250 ரூபாய்க்கும் இருக்கிறது, 1,500-க்கும் இருக்கிறது. எதை வாங்க? (மதுரை)

பதில்: பிளாஸ்டிக் செட்டில் மலிவானதே போதும். இரும்பு வேண்டாம், பெயின்ட் போகும். ஸ்க்ரூ டிரைவரை வைத்து நெம்பலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். டூலை விட முக்கியம், உங்கள் கார் மாடலுக்கான கிளிப் பத்து முன்கூட்டியே வாங்கி வைப்பது. குறைந்தது இரண்டு உடையும். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் சில்லறையாகவே கேட்டு வாங்கலாம்.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள், ஆனால் அதற்கு முன் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிடுங்கள். கதவு திறக்கும் பிடிக்குப் பின்னால் ஒரு ஸ்க்ரூ, இழுத்துச் சாத்தும் குழிக்குள் சின்ன மூடிக்கு அடியில் இன்னொன்று இருக்கும். இவற்றை எடுக்காமல் இழுத்துத்தான் நிறையப் பேர் உடைக்கிறார்கள். அப்புறம் கீழ் மூலையில் தொடங்கி ஒவ்வொரு கிளிப்பாக விடுவித்து, கடைசியில் பேடை மேல்நோக்கித் தூக்குங்கள். வந்துவிட்டதே என்று பிடித்து இழுக்காதீர்கள். பவர் விண்டோ கப்ளரும் கதவுப் பூட்டின் கேபிளும் இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருக்கும். ஸ்பீக்கரை முடுக்குவதற்கு முன் பேட்டரியையும் ஸ்விட்சையும் தற்காலிகமாக மாட்டிக் கண்ணாடியை முழுக்க இறக்கிப் பாருங்கள். காந்தம் தடிமனாக இருந்தால் கண்ணாடி இடிக்கும். தாளைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: டோர் பேடுக்கு 'ஒரிஜினல் லெதர்' ஒட்டித் தருவதாக 2,400 ரூபாய் வாங்கினார்கள், நான்கு கதவுக்கும். ஒரே கோடையில் உரிந்துவிட்டது. (வேலூர்)

பதில்: தோலுக்குப் பேர்போன ஊரிலிருந்து இந்தக் கேள்வியா? அந்தக் காசுக்கு ஒரு நல்ல தோல் செருப்பு வாங்கலாம். பில்லில் 'லெதர்' என்று இருந்தால் பொய் சொல்லி விற்றார்கள் என்று புகார் கொடுங்கள். 'ரெக்சின்' என்று இருந்தால் கம்மென்று இருங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் நானே மாட்டி முடித்துவிட்டேன். ஒரு ஸ்க்ரூ மட்டும் கையில் மிச்சம் இருக்கிறது. பிரச்சினை வருமா? (தஞ்சாவூர்)

பதில்: இழுத்துச் சாத்தும் குழிக்குள் அந்தச் சின்ன மூடியைத் திறந்து பாருங்கள்.