பழைய வீட்டுத் தரையில் ஓதம் ஏறுகிறது. சிமென்ட்டைப் பெயர்த்துவிட்டுச் சுண்ணாம்புத் தளம் போடலாமா? கலவை விகிதம் என்ன?

போடலாம். விகிதத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் அதை மட்டும் குறித்துக்கொண்டு போய்விடுவீர்கள். நானும் அப்படித்தான் போனேன்.

உங்களுடையது ஓட்டு வீடு, மண் சாந்திலோ சுண்ணாம்புச் சாந்திலோ கட்டிய செங்கல் சுவர் என்று வைத்துக்கொள்கிறேன். பழைய தரையை யாரோ ஒரு புத்திசாலி பெயர்த்துவிட்டு, சிமென்ட் தளம் போட்டு, மேலே வழவழவென்று டைல்ஸ் ஒட்டியிருப்பார். இப்போது சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கும். விரலை வைத்தால் பூச்சு மாவாகக் கொட்டும். எங்கள் வீட்டில் அந்தப் புத்திசாலி நான்தான்.

திருவையாற்றுப் பக்கம், வாய்க்காலிலிருந்து எண்பது அடியில் வீடு. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தார்களா இல்லையா என்று நாங்கள் பேப்பரில் பார்க்க வேண்டியதில்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்த பத்தாம் நாள் கூடத்துத் தரை வியர்க்கும். பாட்டி காலத்தில் அதை ஒருவரும் குறையாகச் சொன்னதில்லை. பாயைச் சுருட்டி வைத்துவிட்டு ஜன்னலைத் திறப்பார்கள், காய்ந்துவிடும். 2014-இல் நான் ஓய்வு பெற்றேன். கையில் பணம் வந்ததும் முதலில் கண்ணை உறுத்தியது அந்தத் தரைதான். விட்ரிஃபைட் டைல்ஸ் போட்டேன். டைல்ஸ் என்னவோ காய்ந்துதான் இருந்தது. மேலே வர வழியில்லாத ஈரம் ஓரமாகப் போய்ச் சுவரில் ஏறிற்று. மூன்று வருடத்தில் சாமி மாடத்துக்குக் கீழே கையகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. பெயின்ட் கடையில் ஈரம் தடுக்கும் என்று ஒரு டப்பாவைத் தலையில் கட்டினார்கள். அதையும் அடித்தேன். முழங்காலில் நின்ற ஓதம் இடுப்புக்கு ஏறியது.

2019 மாசியில் எல்லாவற்றையும் பெயர்த்தேன். தெருவில் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லி மாளாது. 'டீச்சருக்குப் பென்ஷன் பணம் கடிக்கிறது' என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார்.

முதலில் ரேழியில் போட்டுப் பார்த்தோம். சூளையிலிருந்து கல்லாக வந்த சுண்ணாம்பைத் தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுத் தாளித்தார்கள், அதாவது நீற வைத்தார்கள். கல் விழுந்ததும் ஒரு கணம் ஒன்றும் நடக்காது. பிறகு முனகும், வெடிக்கும், தொட்டி முழுவதும் சோற்றுப் பானைபோலக் கொதிக்கும். பிளாஸ்டிக் டிரம்மில் செய்யாதீர்கள், இளகிவிடும். கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் யாரையும் பக்கத்தில் விடாதீர்கள். சித்தாள்கள் கைகாலில் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டார்கள். அப்படியும் ஒருவருக்கு விரல் இடுக்கில் புண்.

தாளித்த சுண்ணாம்பு தண்ணீருக்கடியில் குறைந்தது பத்துப் பதினைந்து நாள் கிடக்க வேண்டும், வெண்ணெய்போல ஆக வேண்டும், சல்லடையில் அலசி எடுக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்தே இரண்டாம் நாள் எடுத்தேன். ஆட்களுக்குக் கூலி ஓடிக்கொண்டிருந்தது, என்ன செய்ய? ஒரு மாதம் கழித்து ரேழித் தரையில் எட்டணா அகலத்துக்குக் குழி குழியாகப் பொரிந்தது. ஒவ்வொரு குழியின் நடுவிலும் மிளகளவு வெள்ளைப் புள்ளி. நீறாமல் ஒளிந்திருந்த கல், தரைக்குள் இருந்தபடி மெதுவாக நீறி, ஊதி, மேலே இருந்ததைத் தள்ளிவிட்டது. அந்தக் குழிகளை நான் இன்னும் அடைக்கவில்லை. வருகிறவர்களிடம் காட்டுகிறேன்.

கூடத்துக்கு ஒழுங்காகக் காத்திருந்தோம். அடியில் இருந்த மணலை அள்ளி வெளியே போட்டோம், ஏனென்றால் மணல் திரிபோல ஈரத்தை மேலே உறிஞ்சும். மண்ணைத் திமிசுக்கட்டையால் இடித்துவிட்டு, தூசி துகள் இல்லாத நாற்பது மில்லி கருங்கல் ஜல்லியை அரை அடிக்குப் பரப்பினோம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள சந்து பெரிது, தண்ணீர் அதில் தொற்றி ஏறாது. கலவை சந்தில் ஒழுகி இறங்காதிருக்கக் கோணிச் சாக்கு விரித்தோம். சாக்கு மக்கிவிடுமே என்று எழுத வருகிறவர்களுக்கு: மக்கட்டும். அதற்குள் தளம் தன் காலில் நின்றுவிடும்.

சுண்ணாம்போடு கலக்கிற செங்கல் ஜல்லி நன்றாக வெந்த செங்கல்லில் உடைத்ததாக இருக்கட்டும். முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப் போடுங்கள். உலர்ந்த ஜல்லி சுண்ணாம்பின் தண்ணீரைக் குடித்துவிடும், அப்புறம் கலவை ஒட்டாது.

நான் சாப்பிடப் போன அரை மணி நேரத்தில் மேஸ்திரி கலவையில் சிமென்ட் போட்டுவிட்டார்.

"இரண்டு சட்டிதான் டீச்சர், பிடிமானத்துக்கு" என்றார். முப்பத்தொரு வருடம் பிள்ளைகளை மிரட்டிய குரல் எனக்கு அன்றுதான் திரும்ப வந்தது. பாவம், நல்ல மனிதர், நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். ஆனால் சிமென்ட் சில மணி நேரத்தில் இறுகிவிடும். சுண்ணாம்புத் தளத்தை நாம் மூன்று நாள் தட்டப் போகிறோம். பாதி இறுகியதைத் தட்டினால் உள்ளுக்குள் உடையும், மேலுக்குத் தெரியாது. அந்தக் கலவை முழுவதையும் கொல்லையில் கொட்டச் சொன்னேன். இப்போது மாட்டுத் தொட்டிக்கு அடித்தளமாக இருக்கிறது.

நாலு அங்குலம் பரப்பி, தட்டித் தட்டி மூன்று அங்குலத்துக்குக் கொண்டுவந்தோம். ஐந்து பெண்கள் வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கட்டையால் தட்டிக்கொண்டே பின்னால் நகர்ந்தார்கள். முதல் நாள் சத்தம் சொத்துச் சொத்தென்று பிசைந்த மாவில் அடிப்பதுபோல இருக்கும். கட்டை பட்ட இடத்தில் பால் கசியும். காய்கிற இடத்தில் கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்தார்கள். மூன்றாம் நாள் பிற்பகல், மூத்த அக்கா திடீரென்று கையை நிறுத்தினார். "கேளுங்கள்" என்று ஒரு அடி அடித்தார். டங்கென்றது. கட்டை கையைவிட்டுத் துள்ளியது, தரையில் தடம் இல்லை. "போதும், இனிமேல் அடித்தால் அதற்கு வலிக்கும்" என்றார். இந்த வேலைக்கு அவருக்குக் கொடுத்த கூலி, பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த மேஸ்திரியின் கூலியில் பாதி. 'ஊர் வழக்கம்' என்றார்கள். நான் கூடக் கொடுத்தேன், அது வேறு விஷயம்.

கூடத்தைக் காலி செய்தபோது ஊஞ்சலையும் கழற்றினோம். தாத்தா காலத்துப் பித்தளைச் சங்கிலி, ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு கிளி. சித்தப்பா மகன் வந்தான். "வேலை நடக்கிற இடத்தில் திருட்டுப் போய்விடும் அக்கா, முடிகிற வரை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்" என்றான். தளம் முடிந்து எத்தனை வருடம் ஆகிவிட்டது? சங்கிலி அவனுடைய சென்னை அடுக்ககத்து பால்கனியில் தொங்குகிறது. ஊஞ்சலாகத் தொங்கினாலும் மனம் ஆறும். அதில் மணி பிளான்ட் தொட்டியை மாட்டி வைத்திருக்கிறான்! கேட்டால் 'நினைவுப் பொருள்' என்கிறான். யாருடைய நினைவு? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் வீட்டு வேலை தொடங்கும் முன் கழற்றுகிற சாமான்களுக்கு ஒரு பட்டியல் எழுதி வையுங்கள்.

சிலர் கிளம்பி வருவார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். நான் பொறியாளர் இல்லை, கணக்கு டீச்சர். சிமென்ட்டுக்கு விரோதியும் இல்லை. குளியலறையும் கார் நிறுத்துகிற இடமும் எங்கள் வீட்டில் சிமென்ட்தான், அங்கே சுண்ணாம்பைப் போடச் சொல்லமாட்டேன். சுண்ணாம்புக்கு வலுவில்லை என்பவர்கள் 1895-இல் கட்டி முடித்த பெரியாறு அணையின் காரை சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல் தூளும்தான் என்பதைப் பார்க்கட்டும். அணை அரசியலுக்கு நான் வரவில்லை, காரையை மட்டும் சொன்னேன். இந்தத் தளம் போட்டால் ஈரமே வராது என்று நினைக்காதீர்கள். ஆடியில் எங்கள் கூடம் இப்போதும் லேசாகக் குளிரும், பிறகு தானே காயும். சுவரில் உப்பு நின்றுவிட ஒன்றரை வருடம் ஆயிற்று, அதுவும் அந்த டப்பாப் பூச்சைச் சுரண்டி எடுத்துச் சுண்ணாம்பு அடித்த பிறகுதான். தளத்தின் மேல் சுண்ணாம்புச் சாந்தில் சுட்ட மண் தட்டோடுகளைப் பதித்திருக்கிறேன். பாலிஷ், சீலர் எதுவும் இல்லை. மேலே மறுபடியும் விட்ரிஃபைட் ஒட்டுவதானால் இவ்வளவு பாடும் வீண்.

விகிதம். மொட்டைமாடித் தளத்துக்குப் பொதுப்பணித்துறை கணக்கு 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு நீறிய சுண்ணாம்பு, மணல் கிடையாது. வகுத்தால் 2.56 வரும், இரண்டரைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் தரைக்கு அதே அளவுடன், ஒரு பங்கு சுண்ணாம்புக்கு அரைப் பங்கு என்று சுர்க்கியும் சேர்த்தோம். வெறும் சுண்ணாம்பு காற்றுப் பட்டுத்தான் இறுகும், மூன்று அங்குலத்துக்கு அடியில் காற்று போக நாளாகும். செங்கல் தூளோடு சேர்ந்தால் ஈரத்திலேயும் இறுகும். தட்டி முடித்த பிறகு பத்து நாள் ஈரச்சாக்குப் போட்டு மூடுங்கள், வெயில் நேராக விழ விடாதீர்கள்.

தை நடுவில் மேட்டூரை மூடியதும் சுண்ணாம்பைத் தாளித்துவிடுங்கள், மாசியில் தளம் போடலாம். கடுக்காய்த் தண்ணீரில் வெல்லத்தை மட்டும் அளவாகப் போடுங்கள். நாங்கள் தாராளமாகப் போட்டோம், பங்குனி முழுவதும் கூடத்தில் எறும்புதான்.